‘எல்லாரும் விலகுங்க!’: ஷாக் கொடுப்பதற்கு முந்தைய ஐந்து விநாடி



1947-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. உள்வாங்கியிருந்த நெஞ்செலும்பைச் சரிசெய்வதற்கான சிகிச்சை அது. செய்தவர் கிளாட் பெக். வேலை நல்லபடியாக முடிந்து தையல் போடும் சமயத்தில் சிறுவனின் நாடி அடங்கிவிட்டது. பெக் தையலைப் பிரித்தார், நெஞ்சைத் திறந்தார், இதயத்தைக் கையால் பிடித்துப் பிசைந்து ரத்தத்தை ஓடவைத்தார். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அந்த வேலை ஓயவில்லை. அதற்குள், நாய்களை வைத்துப் பல காலமாக அவர் சோதித்துவந்த மின்கருவி அரங்குக்கு வந்து சேர்ந்தது. இரண்டு உலோகத் தகடுகளை இதயத்தின் இருபுறமும் வைத்து மின்சாரம் செலுத்தினார். முதல் முறை பலன் இல்லை. மருந்து கொடுத்து மறுபடியும் செலுத்தியபோது இதயம் ஒழுங்காகத் துடிக்கத் தொடங்கியது. சிறுவன் பிழைத்தான். டிஃபிப்ரிலேட்டர் என்று அழைக்கப்படும் அந்தக் கருவியால் உயிர் மீண்ட முதல் மனிதன் அவன்.

மருத்துவ வரலாற்றில் இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது கருவியைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். கருவி வரும்வரை நிற்காத கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிஃபிப்ரிலேட்டரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது என்றால் மின்சாரம் யார் மேலும் பாயாமல் பார்த்துக்கொள்வது மட்டும் அல்ல. நோயாளியின் மூளைக்கு ரத்தம் போகாத நேரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதும் பாதுகாப்புதான். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்றுவது கடினம். அந்தக் கடினத்தைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுகிறது. ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டுகூட இருப்பார். அவருக்கு ஷாக் தேவையில்லை. ஆனால், அந்த அடைப்பால் சில நேரம் இதயத்தின் மின்னோட்டம் குலைந்து, வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன் என்ற நிலை வந்துவிடும். மருத்துவமனையில் வி.எஃப். என்பார்கள். தேர் வடத்தைப் பிடித்த நூறு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் எப்படி நிலையிலேயே நிற்குமோ, அப்படி இதயத் தசை இழைகள் ஒவ்வொன்றும் தன்போக்கில் துடிக்கும். ஒரு சொட்டு ரத்தமும் வெளியே போகாது. சில விநாடிகளில் ஆள் சாய்ந்துவிடுவார்.

ஷாக் அந்த இதயத்தை ‘ஸ்டார்ட்’ செய்வதில்லை. தாறுமாறான எல்லாத் துடிப்பையும் ஒரு கணம் அடக்குகிறது. அந்த அமைதியில், இதயத்துக்குள் இயற்கையாகவே இருக்கும் தாளக் கணு மறுபடியும் பொறுப்பேற்றுக்கொள்கிறது. அதனால்தான் மானிட்டரில் கோடு நேராகப் போய்விட்ட நோயாளிக்கு ஷாக் கொடுப்பதில் பயன் இல்லை. அடக்குவதற்கு அங்கே எந்தத் துடிப்பும் இல்லை. நம் திரைப்படங்களில் நேர்கோடு வந்தவுடன் டாக்டர் இரண்டு தகடுகளையும் தேய்த்துக்கொண்டு ஓடிவருவார்; உடல் கட்டிலை விட்டு எழும்பும்; கோடு மேடு பள்ளமாகும். இந்தக் காட்சியைப் பார்த்து வளர்ந்தவர்களில் மருத்துவமனை ஊழியர்களும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேர்கோட்டுக்கு நெஞ்சழுத்தமும் அட்ரினலினும்தான் சிகிச்சை.

கொல்கிற மின்சாரமே காப்பாற்றவும் செய்யும் என்பது 1899-இலேயே தெரிந்துவிட்டது. ஜெனீவாவில் பிரேவோ, பட்டெல்லி என்ற இருவர் நாய்களின் இதயத்தில் சோதித்தார்கள். குறைந்த மின்சாரம் வி.எஃப். உண்டாக்கியது, கூடுதல் மின்சாரம் அதை நிறுத்தியது. அந்தக் கண்டுபிடிப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுக்கவைத்தவை மின்கம்பத் தொழிலாளர்களின் சாவுகள். ஷாக் அடித்து விழுபவர்களைக் காப்பாற்ற வழி உண்டா என்று அமெரிக்க மின் நிறுவனங்கள் கேட்டன. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் வில்லியம் கௌவன்ஹோவன். அவர் மருத்துவர் அல்ல, மின்பொறியாளர்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான் இன்னொரு பெரிய விஷயமும் தற்செயலாகக் கிடைத்தது. மூடிய நெஞ்சின் மேல் கனமான தகடுகளை அழுத்தி வைக்கும்போது, மின்சாரம் பாய்வதற்கு முன்பே நாயின் ரத்த அழுத்தம் சற்று ஏறுவதை கை நிக்கர்பாக்கர் என்ற இளம் பொறியாளர் கவனித்தார். நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தினாலே ரத்தம் ஓடும்! அறுவை நிபுணர் ஜேம்ஸ் ஜூட் சேர்ந்துகொள்ள, 1960-இல் மூவரும் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்றைய சி.பி.ஆர். என்ற உயிர்மீட்பு முறை பிறந்தது. ஷாக்கும் நெஞ்சழுத்தமும் ஒரே கொட்டகையில் பிறந்த சகோதரங்கள். ஒன்றை விட்டு மற்றொன்று தனியாக உருப்படியான வேலை செய்வதில்லை.

நெஞ்சைத் திறக்காமலே மனிதருக்கு ஷாக் கொடுக்க முடியும் என்று பாஸ்டன் நகரில் பால் ஸோல் 1956-இல் காட்டினார். அவர் பயன்படுத்தியது மாறுமின்னோட்டம். அது இதயத் தசையைக் கூடுதலாகப் பாதித்தது. 1960-களின் தொடக்கத்தில் பெர்னார்டு லௌன் நேர்மின்னோட்டத்துக்கு மாற்றினார். இன்றைய கருவி ஒவ்வொன்றிலும் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது; ஆயிரம் வோல்ட்டுக்கும் மேலான அழுத்தத்தில் சேமித்த மின்சாரத்தைச் சில மில்லி விநாடிகளில் கொட்டிவிடுகிறது. இரு திசையிலும் பாயும் பைஃபேசிக் கருவியில் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 120 முதல் 200 ஜூல். பழைய ஒருதிசைக் கருவியில் 360 ஜூல். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து, கிலோவுக்கு 4 ஜூல் என்ற கணக்கு.

இனி ஐ.சி.யூ. கட்டிலுக்குப் பக்கத்தில் வருவோம். விபத்து நடப்பதும் தவிர்க்கப்படுவதும் அங்கேதான்.

நோயாளி சாய்ந்துவிட்டார், ஒருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் கருவியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். முதல் வேலை நெஞ்சைப் பார்ப்பது. வியர்வையோ ஈரமோ இருந்தால் துணியால் துடைக்க வேண்டும். ஈரத்தோல் மேல் மின்சாரம் இதயத்துக்குள் போகாமல் தோலிலேயே ஒரு தகட்டிலிருந்து மற்றொன்றுக்கு ஓடிவிடும். ரோமம் அடர்ந்திருந்தால், மின்சாரத்தைச் செலுத்தும் ‘பேட்’ என்ற ஒட்டுத்தகடு வரும் இடத்தில் மட்டும் மழித்தால் போதும். நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் பட்டை ஒட்டியிருந்தால் உரித்து, மருந்தையும் துடைக்க வேண்டும். அதன் மேல் தகடு பட்டால் பொறி பறந்து தோல் வெந்துவிடும். காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு புடைப்பு தெரிந்தால் அது பேஸ்மேக்கராகவோ உள்பதியும் டிஃபிப்ரிலேட்டராகவோ இருக்கும். பேட் அதிலிருந்து குறைந்தது 8 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். இதற்காக ஷாக்கை நிறுத்தத் தேவையில்லை, இடத்தை மாற்றினால் போதும்.

ஒரு பேட் வலது காரை எலும்புக்குக் கீழே. மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே, விலாவின் பக்கவாட்டில். இந்த இரண்டாவதில்தான் பலர் தவறுகிறார்கள். அவசரத்தில் நெஞ்சின் முன்பக்கத்திலேயே ஒட்டிவிடுவார்கள். இரண்டு பேடுக்கும் நடுவில் இதயம் இருக்க வேண்டும் என்பது மறந்துபோகும்.

ஒட்டும் பேட் இல்லாமல் கையால் பிடிக்கும் ‘பேடில்’ என்ற தகடுகள் மட்டும் உள்ள கருவிகள் இன்னும் பல இடங்களில் ஓடுகின்றன. அவற்றுக்குக் கவனம் கூடுதலாக வேண்டும். அதற்கென்றே உள்ள மின்கடத்து ஜெல்லைத்தான் தடவ வேண்டும். ஸ்கேன் எடுக்கும் ஜெல் ஆகாது. ஜெல் இரண்டு பேடிலுக்கும் நடுவே வழிந்து பாலம் கட்டிவிடக் கூடாது. பேடில்களை நெஞ்சில் நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரியவர்களுக்கு 8 கிலோ எடை வைத்த அளவு அழுத்தம் என்கின்றன ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள். சார்ஜ் செய்வது பேடில்கள் நெஞ்சின் மேல் வந்த பிறகுதான். சார்ஜ் ஏறிய பேடில்களைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்புவதும், இரண்டையும் ஒரே கையில் பிடிப்பதும், ஒன்றோடொன்று உரசுவதும் கூடவே கூடாது. ஷாக் தேவையில்லை என்று முடிவானால் கருவியிலேயே அதை வெறுமையாக்கும் வசதி உண்டு. காற்றில் கொட்டக் கூடாது.

ஆக்சிஜன் தனியாகச் சொல்ல வேண்டிய ஆபத்து. முகமூடியைக் கழற்றி நோயாளியின் தலையணை மேலேயே வைத்துவிட்டு ஷாக் கொடுக்கிறார்கள். ஆக்சிஜன் போர்வைக்கடியிலும் நெஞ்சின் மேலும் தேங்கிக்கிடக்கிறது; சரியாகப் படியாத பேடிலிலிருந்து ஒரு பொறி போதும். தீப்பிடித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே முகமூடியோ, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையோ நெஞ்சிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிப் போக வேண்டும். மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரோடு மூடிய இணைப்பில் இருப்பவருக்கு மட்டும் அந்த இணைப்பைக் கழற்றாமலே விடலாம்.

அடுத்தது ‘சிங்க்’ பொத்தான். சிறிய பொத்தான்தான், தெரியாமல் விட்டால் பெரிய குழப்பம். நாடி இருந்தபடியே தாறுமாறாக வேகமெடுத்த இதயத்துக்கு ஷாக் கொடுக்கும்போது, துடிப்பின் குறிப்பிட்ட கட்டத்தில் மின்சாரம் விழக் கூடாது. விழுந்தால் அதுவே வி.எஃப். உண்டாக்கும். அதைத் தவிர்க்கக் கருவி இதயத் துடிப்போடு நேரம் பார்த்துச் சுடும். லௌன் வகுத்த முறை இது. அங்கே சிங்க் போடாவிட்டால் ஆபத்து. மாறாக, வி.எஃப்.-இல் இருக்கும் நோயாளிக்குச் சிங்க் போட்டபடி பொத்தானை அழுத்தினால் கருவி துடிப்பைத் தேடிக்கொண்டே நிற்கும், ஷாக் போகாது. ‘மெஷின் ரிப்பேர்’ என்று அடுத்த வார்டுக்கு ஆள் ஓடும். ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நோயாளி பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. நெஞ்சழுத்தம் தொடர்ந்தால் அந்தச் சரிவு பாதியாக மட்டுப்படும்.

எல்லாம் தயார். சார்ஜ் ஏறும்போதும் நெஞ்சழுத்தம் நிற்கக் கூடாது. இப்போதுதான் அந்த ஐந்து விநாடி. பொத்தானுக்குப் பொறுப்பானவர் உரக்கச் சொல்ல வேண்டும்: “எல்லாரும் விலகுங்க!” சொன்னால் மட்டும் போதாது, கண் கருவியின் திரையில் அல்லாமல் நோயாளியின் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை போய் வர வேண்டும். தலைமாட்டில் நிற்கும் மயக்க மருத்துவரின் இடுப்பு கட்டிலில் சாய்ந்திருக்கலாம். சலைன் ஏற்றும் சிஸ்டரின் விரல் நோயாளியின் மணிக்கட்டில் இருக்கலாம். மகளின் கை காலைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவரை யாரும் வெளியே அனுப்பியிருக்க மாட்டார்கள். நெஞ்சை அழுத்துபவர் கடைசியாகக் கையெடுப்பார், ஷாக் போனதும் முதல் ஆளாகக் கை வைப்பார். அழுத்தம் நிற்பதற்கும் மறுபடி தொடங்குவதற்கும் இடையே ஐந்து விநாடிக்கு மேல் போகக் கூடாது என்பதே இன்றைய வழிகாட்டுதல். நாடி வந்துவிட்டதா என்று தடவிப் பார்க்கவும் நிற்கக் கூடாது. இரண்டு நிமிடம் அழுத்திய பிறகுதான் திரையைப் பார்க்க வேண்டும்.

உதவுபவர்களுக்கு ஷாக் அடித்ததாகப் பதிவான சம்பவங்கள் குறைவு. பெரும்பாலும் சுரீர் என்ற உணர்வு, சிறு தீக்காயம் என்ற அளவோடு முடிந்திருக்கின்றன. கையுறை போட்டிருக்கிறோம், தொட்டபடியே இருக்கலாம் என்ற துணிச்சலும் வேண்டாம். பரிசோதனைக் கையுறை மின்காப்புக்காகச் செய்யப்பட்டது அல்ல.

மருத்துவமனைக்கு வெளியே கதை மாறுகிறது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், 1960-களின் நடுவில், கார் பேட்டரியில் ஓடும் டிஃபிப்ரிலேட்டரை ஆம்புலன்ஸில் ஏற்றினார். எடை சுமார் 70 கிலோ. நோயாளி கருவியைத் தேடி வருவதற்குள் இறந்துவிடுகிறார், கருவி போகட்டும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் இன்றைய வடிவம் ஏ.இ.டி. என்ற தானியங்கிக் கருவி. பெட்டியைத் திறந்து பேட் ஒட்டினால் இதயத் துடிப்பைத் தானே படித்து, ஷாக் தேவையா இல்லையா என்று சொல்லும். தேவையில்லாதவருக்கு அழுத்தினாலும் கொடுக்காது. சாதாரண மனிதர் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு, அதாவது கொடுக்கக் கூடாதவருக்குக் கொடுப்பது, இப்படி அவர் கையை விட்டே போய்விட்டது.

சிகாகோ விமான நிலையங்களில் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிட நடைத்தொலைவுக்கு ஒன்றாக ஏ.இ.டி. மாட்டினார்கள். இரண்டு ஆண்டுகளில் 21 பேருக்கு இதயம் நின்றது. அவர்களில் 18 பேருக்கு வி.எஃப். அந்த 18 பேரில் 11 பேர் மீட்கப்பட்டார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில் மனத்தைத் தொடுவது வேறொரு எண்: மீட்கப்பட்ட 11 பேரில் 6 பேரைக் காப்பாற்றியவர்கள் அந்தக் கருவியில் எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கள். வழிப்போக்கர்கள். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். விழுந்து 3 நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்து வீடு திரும்பினர். தாமதமானவர்களில் 49 விழுக்காட்டினர்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஏ.இ.டி.-யைக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வில், பொம்மை நோயாளிக்கு ஷாக் கொடுக்கப் பிள்ளைகள் சராசரியாக 90 விநாடி எடுத்துக்கொண்டார்கள். தொழில்முறை ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு ஆனது 67 விநாடி. இடைவெளி அரை நிமிடம்கூட இல்லை. பிள்ளைகள் பேட்களைச் சரியான இடத்தில் ஒட்டினார்கள்; ஷாக் போகும்போது ஒருவரும் உடலைத் தொடவில்லை.

அப்படியானால் ஏ.இ.டி.-யைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது எது? ஜப்பானின் சைதாமா நகரில் 2011 செப்டம்பரில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓட்டப் பயிற்சி முடிந்ததும் விழுந்தாள். பள்ளியில் ஏ.இ.டி. இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் மூச்சு விடுகிறாள் என்று ஆசிரியர்கள் நினைத்துவிட்டார்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு விட்டுவிட்டு ஒரு வாய்த்திணறல் வரும். மீன் வாய் திறப்பதுபோல் தாடை அசையும், ஒரு கேவல் கேட்கும். அது மூச்சு அல்ல. அந்தப் பெண் மறுநாள் இறந்தாள். சாதாரண மக்கள் ஏ.இ.டி. பயன்படுத்த ஜப்பான் 2004-இலேயே அனுமதி கொடுத்திருந்தது. கருவியும் இருந்தது, அனுமதியும் இருந்தது, சந்தேகம்தான் இடையில் நின்றது. பெற்றோரும் நகரக் கல்வித் துறையும் சேர்ந்து பிறகு ஒரு கையேடு தயாரித்தார்கள். சரியாக மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை என்றாலே, இல்லை என்று வைத்துக்கொண்டு நெஞ்சை அழுத்து, ஏ.இ.டி.-யை ஒட்டு என்கிறது அது. மகளைப் பறிகொடுத்தவர்கள் ஊராரின் பிள்ளைகளுக்காக எழுதிய கையேடு.

இன்னொரு தயக்கம், விழுந்தவர் பெண்ணாக இருந்தால் வருவது. பேட் வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும்; புடவைக்கோ ரவிக்கைக்கோ மேல் ஒட்டினால் பலன் இல்லை. பல ஏ.இ.டி. பெட்டிகளில் கத்தரிக்கோல் இருப்பது இதற்குத்தான். இரண்டு இடம் மட்டும் திறந்தால் போதும். ஒட்டியபின் மேலே துண்டைப் போர்த்தலாம், கூட்டத்தைத் திரும்பி நிற்கச் சொல்லலாம். இரண்டாவது பேட் மார்பின் மேல் அல்ல, அதற்குப் பக்கவாட்டில். தாலிக்கொடியைக் கழற்ற நேரம் செலவழிக்க வேண்டாம். பேடுக்கு அடியில் வராமல் ஒதுக்கிவிட்டால் போதும். கடற்கரையிலோ குளத்திலோ விழுந்தவரை நீர் தேங்கிய இடத்திலிருந்து இழுத்து, நெஞ்சைத் துடைத்துவிட்டு ஒட்டலாம். 8 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் குழந்தைகள் பேட் சிறந்தது. அது இல்லையென்றால் பெரியவர் பேடையே ஒன்றை நெஞ்சிலும் ஒன்றை முதுகிலும் ஒட்டிக் கொடுக்கலாம். ஓடும் ஆம்புலன்ஸில் வண்டியின் அதிர்வு கருவியின் கணிப்பைக் குழப்பும். அது படிக்கும் நேரத்தில் வண்டி ஓரமாக நிற்க வேண்டும்.

ஏ.இ.டி. வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் நிறுவனங்கள் பல. பேடின் பசை காய்ந்துபோகும். உறையில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. பெரும்பாலான கருவிகள் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டு, நலமாக இருந்தால் ஒரு சிறு பச்சை அடையாளம் காட்டும். அதைப் பார்ப்பது யார் வேலை என்று ஒரு பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். கருவி இருக்கும் அறைக்குப் பூட்டு போட்டுச் சாவியை மேலாளரிடம் கொடுத்துவைப்பது, கருவி இல்லாததற்குச் சமம்.

யாராவது விழுந்தால் ஒருவர் 108-ஐ அழைக்க, ஒருவர் நெஞ்சை அழுத்த, ஒருவர் ஏ.இ.டி. எடுக்க ஓட வேண்டும். மார்பின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், 6 செ.மீ.-ஐத் தாண்டாமல். ஷாக் போனபின் நோயாளி அசைந்தாலும், கண் திறந்தாலும் பேட்களைப் பிய்க்க வேண்டாம், கருவியை அணைக்கவும் வேண்டாம். வி.எஃப். திரும்ப வரலாம், வந்தால் கருவி மறுபடி படிக்கும். மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது எப்போது விழுந்தார், எத்தனை ஷாக் போனது என்பதைச் சொல்ல வேண்டும். துடிப்பின் பதிவும் ஒவ்வொரு ஷாக்கின் நேரமும் கருவியின் நினைவகத்தில் இருக்கும். இதய மருத்துவர் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். அடைப்பை நீக்குவதா, நெஞ்சுக்குள் சிறு டிஃபிப்ரிலேட்டரைப் பதிப்பதா என்ற முடிவுக்கு அந்தப் பதிவும் ஆதாரமாகும்.